வாசகர் கேள்வி–பதில்: டி.ஜே. தொழிலின் கணக்கு வழக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இம்முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே தொழிலைப் பற்றியவை. கல்யாண விருந்து, 21-ஆம் பிறந்தநாள், கம்பெனி ஆண்டு விருந்து என்று வாடகைக்குப் போகும் டி.ஜே. வேலைதான் அது. பாட்டை எப்படிக் கலப்பது என்று யாரும் கேட்கவில்லை, காசைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். பதிலும் அதையொட்டியே.

கேள்வி: வார நாளில் தொழிற்சாலை வேலை, சனி ஞாயிறில் டி.ஜே. ஐந்து மணி நேர விருந்துக்கு 350 வெள்ளி (ரிங்கிட்) வாங்குகிறேன். மாதம் மூன்று நிகழ்ச்சி வருகிறது. ஆனாலும் கையில் காசு நிற்பதில்லை. எங்கே போகிறது?

தம்பி, உங்கள் சாமானிலிருந்து தொடங்குவோம். லேப்டாப், கண்ட்ரோலர் (பாட்டைக் கலக்கும் கருவி), இரண்டு 12 அங்குல பாக்ஸ் (ஸ்பீக்கர்), ஒரு 18 அங்குல சப் (அடி ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்), மைக், விளக்கு, வயர் எல்லாம் சேர்த்து 14,400 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வாரந்தோறும் வேனில் ஏறி இறங்கும் சாமானுக்கு நான்கு வருட ஆயுள் போடுவது நியாயம். மாதம் மூன்று என்றால் நான்கு வருடத்தில் 144 நிகழ்ச்சி. ஆக, பெட்டியைத் திறப்பதற்கு முன்பே ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் 100 வெள்ளி தேய்ந்து போகிறது. உதவியாளுக்கு 120, வண்டி எண்ணெய்க்கும் டோலுக்கும் 50, வயர், பிளக், மைக் பேட்டரி, சில்லறை ரிப்பேருக்கு 40. மொத்தம் 310. நீங்கள் வாங்கும் 350-இல் மிச்சம் 40 வெள்ளி.

அந்த 40 எத்தனை மணி நேரத்துக்குக் கூலி என்று பாருங்கள். வீட்டாரைச் சந்தித்துப் பாட்டுப் பட்டியல் போட மூன்று மணி, சாமான் ஏற்றிப் பயணம் இரண்டு, பொருத்திச் சத்தம் சோதிக்க இரண்டு, நிகழ்ச்சி ஐந்து, கழற்றி வீடு வந்து சேர இரண்டு. பதினான்கு மணி நேரம். மணிக்கு மூன்று வெள்ளிகூடத் தேறாது. 2025-இல் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தை மணிக்கணக்கில் போட்டாலே 8 வெள்ளி 17 காசு. ஐந்து மணி நேர வேலை என்று நினைத்து விலை சொல்வதுதான் இந்தத் தொழிலில் எல்லாரும் விழும் பள்ளம்.

மணிக்கு 20 வெள்ளி என்று உங்கள் உழைப்புக்கு வைத்தால் 280. செலவோடு சேர்த்து 590. திடீரென்று ஒரு பாக்ஸ் போய்விட்டால் சமாளிக்கப் பத்து விழுக்காடு ஒதுக்குங்கள். 650 வெள்ளிக்குக் கீழே இறங்கினால் உங்கள் சாமானை நீங்களே தின்கிறீர்கள் என்று பொருள்.

"ஈப்போவிலிருந்து ஒருவர் 400-க்கே வருகிறாரே" என்பார்கள். அப்போது விலையைக் குறைக்க வேண்டாம், சாமானைக் குறையுங்கள். சப் இல்லை, புகை இல்லை, விளக்கு இல்லை; இரண்டு பாக்ஸ், ஒரு மைக், நான்கு மணி நேரம், உதவியாள் இல்லாமல் நீங்களே தூக்கி வைக்கக்கூடிய தரைத்தள மண்டபம். இதற்கு 400 வாங்கலாம். அதே முழு செட்டை 400-க்கு ஒரு முறை கொண்டுபோய்விட்டால் அந்த வீட்டுச் சொந்தபந்தம் அத்தனைக்கும் அதுதான் உங்கள் விலை. பிறகு ஏற்றுவது லேசில்லை.

கேள்வி: ஐயா, முன்பணம் கேட்டால் "நம்ம தோட்டத்துப் பிள்ளைதானே, ஓடியா போயிடுவோம்" என்கிறார்கள். கேட்கவே கூச்சமாக இருக்கிறது. போன மாதம் ஒருவர் பத்து நாளுக்கு முன்பு ரத்து செய்தார். அந்தத் தேதிக்கு வந்த வேறு இரண்டு வேலையும் போனது.

வாயால் கேட்டால் கூச்சம்தான். தாளில் அச்சடித்துக் கொடுத்தால் கூச்சம் தாளுக்குப் போய்விடும். ஒரு பக்கம் போதும். தேதி, இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், என்னென்ன சாமான், மொத்தத் தொகை, யார் கையெழுத்து. முன்பணம் 30 விழுக்காடு கிடைத்த பிறகுதான் தேதி உறுதி என்று முதல் வரியிலேயே இருக்கட்டும். மீதி எப்போது என்பதில்தான் சூட்சுமம். "நிகழ்ச்சி முடிந்ததும்" என்று எழுதினால் இரவு பன்னிரண்டு மணிக்கு மொய்க் கவரைப் பிரித்துக்கொண்டிருக்கும் பெரியப்பாவைத் தேடி அலைய வேண்டியதுதான். மீதிப் பணம் நிகழ்ச்சிக்கு ஏழு நாளுக்கு முன் என்று வையுங்கள்.

தோட்டத்துக் குடும்பங்களுக்குத் தவணை பிரிக்கும்போது சம்பள நாளைப் பாருங்கள். 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆகவே தவணையை மாதம் 8 அல்லது 9-ஆம் தேதியில் போட்டால் வந்துவிடும். 25-ஆம் தேதி கேட்டால் இல்லாத வீட்டில் கேட்டவர் ஆவீர்கள்.

ரத்து செய்வதற்குப் படி வையுங்கள். 90 நாளுக்கு முன் என்றால் முன்பணத்தில் பாதி திரும்பும். 30 நாளுக்குள் என்றால் திரும்பாது. துக்கம் போன்ற காரணத்தால் தள்ளிப்போட்டால், தேதி காலியாக இருந்தால், ஒரு முறை அதே முன்பணத்தில் மாற்றித் தரலாம். ஆனால் "ரத்து செய்தால் முழுத் தொகையும் கட்ட வேண்டும்" என்று எழுதிவிடாதீர்கள். 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு நியாயமான இழப்பீடு என்ற அளவுகோலை வைத்திருக்கிறது. அளவுக்கு மீறினால் நிற்பது கடினம். அந்தத் தேதிக்கு வந்து நீங்கள் மறுத்த வேலைகளின் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். நட்டம் உண்மை என்பதற்கு அதுதான் சாட்சி.

வேலை முடிந்தும் பணம் வரவில்லை, தொகை 5,000 வெள்ளிக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்குப் பிரிவில் 198-ஆம் பாரத்தை நிரப்பி நீங்களே வழக்குப் போடலாம், வக்கீல் வேண்டியதில்லை. இதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் வராமல் போனாலோ சொன்ன சாமானைக் கொண்டுவராவிட்டாலோ வீட்டார் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் வெறும் 5 வெள்ளி. அதனால் தாளில் எழுதும் சாமான் பட்டியல் உங்களையும் கட்டுப்படுத்தும். "சக்திவாய்ந்த ஒலி" என்று கவிதை எழுதாமல் "12 அங்குல பாக்ஸ் இரண்டு" என்று எழுதுங்கள்.

கூடுதல் நேரத்துக்கும் ஒரு வரி வேண்டும். மணிக்கு இவ்வளவு, முடிவதற்கு அரை மணிக்கு முன் கேட்க வேண்டும், கேட்கும் அதிகாரம் கையெழுத்துப் போட்டவருக்கு மட்டும். "இன்னும் ரெண்டே பாட்டு" என்று சொல்லும் மாமா எந்தக் கல்யாணத்திலும் இருப்பார். காசு தருபவர் அவர் அல்ல.

கேள்வி: மணமக்கள் மண்டபத்துக்குள் நுழையும் நேரம் பார்த்துக் கரண்ட் தூக்கிவிட்டது. மண்டபக்காரர் என் செட் என்கிறார், கேட்டரிங்காரரும் என் செட் என்கிறார். வீட்டார் 200 வெள்ளி பிடித்துக்கொண்டார்கள். உண்மையில் யார் பொறுப்பு?

மின் போர்டில் எந்த சுவிட்ச் கீழே விழுந்தது என்பதைப் பொறுத்தது. போர்டைத் திறந்தவுடன் யாரும் கை வைப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்திருந்தால் அந்த 200 போயிருக்காது.

சிறிய எம்.சி.பி. (பாரம் மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்திருந்தால் பாரம் அதிகம். நம் மண்டபங்களில் பல இடத்தில் மேடைப் பக்கத்துச் சாக்கெட்டும் பஃபே மேசைச் சாக்கெட்டும் ஒரே 20 ஆம்பியர் சுவிட்சில் இருக்கும். 230 வோல்டில் 20 ஆம்பியர் என்றால் 4,600 வாட். தேநீர்க் கொதிகலன் 3,000, சாப்பாடு சூடாக்கும் பெட்டி 1,500, உங்கள் புகை எந்திரம் 1,500, சவுண்டு செட்டோ சராசரியாக 800-தான். மொத்தம் 6,800 வாட், கிட்டத்தட்ட 30 ஆம்பியர். இது போட்ட உடனே விழாது. எம்.சி.பி.க்குள் இருக்கும் உலோகப் பட்டை சூடேறி வளைந்தால்தான் சுவிட்ச் தட்டும், ஒன்றரை மடங்கு பாரத்தில் அதற்குப் பல நிமிடம் பிடிக்கும். அதனால்தான் மாலை நான்கு மணிக்குச் சோதித்தபோது ஒன்றும் ஆகாமல், கேட்டரிங் எல்லாவற்றையும் மூட்டிவிட்ட பிறகு, சரியாக மணமக்கள் நுழையும்போது விழுகிறது. கரகரவென்று சத்தம் போடும் பாக்ஸ் மேல்தான் எல்லாருக்கும் கண். ஆனால் கணக்கில் அதுதான் ஆகக் குறைவு.

சோதனைப் பொத்தான் வைத்த இ.எல்.சி.பி. விழுந்திருந்தால் அது மின் கசிவு. மழையில் நனைந்த எக்ஸ்டென்ஷன், கெனோப்பிக் கூடாரத்துக்கு அடியில் புல்லில் கிடக்கும் இணைப்பு, அல்லது மலிவு எல்.இ.டி. விளக்குகள் பல சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் கசியவிடுவது. 30 மில்லி ஆம்பியர் சுவிட்சுக்கு அது போதும். இங்கே பெரும்பாலும் உங்கள் சாமான்தான் குற்றவாளி. விளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

முன்கூட்டியே செய்ய வேண்டியது இதுதான். மண்டபத்தை நேரில் பார்க்கும் நாளில் ஒரு டேபிள் லைட்டைச் சாக்கெட்டில் சொருகி, ஒவ்வொரு எம்.சி.பி.யாக அணைக்கச் சொல்லி, எது எதற்கு என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மண்டபக்காரர் அனுமதியோடு, நிகழ்ச்சி எதுவும் நடக்காத நேரத்தில். சவுண்டு ஒரு சுவிட்சில், புகையும் விளக்கும் வேறொரு சுவிட்சில், கேட்டரிங் மூன்றாவதில். சுருள் எக்ஸ்டென்ஷனை முழுக்க அவிழ்த்துப் போடுங்கள். சுற்றியபடியே பாரம் ஏற்றினால் உள்ளே சூடேறி உறை உருகும். ஒப்பந்தத் தாளில் "டி.ஜே.க்குத் தனிச் சுவிட்சில் இரண்டு 13 ஆம்பியர் சாக்கெட், ஏற்பாட்டாளர் பொறுப்பு" என்ற ஒரு வரியைச் சேருங்கள். அந்த வரி இல்லாததால்தான் மூவரில் ஆகச் சின்னவரான உங்கள் தலையில் விழுந்தது.

தோட்டத் திடலில் ஜெனரேட்டர் என்றால், 5 கே.வி.ஏ. என்று ஒட்டியிருப்பது 4 கிலோவாட்தான் தரும், அதிலும் 3-க்கு மேல் ஏற்றாதீர்கள். புகை கெனோப்பிக்குள் வராத திசையில் தள்ளி வைத்து, எண்ணெய் ஊற்றும்போது நிறுத்தி ஆறவிட்டு ஊற்ற வேண்டும். அந்த இடைவெளியையும் நிகழ்ச்சி நிரலில் எம்சியிடம் (நிகழ்ச்சி அறிவிப்பாளரிடம்) சொல்லி வையுங்கள், சாப்பாட்டு நேரத்தில் விழுமாறு.

கேள்வி: லேப்டாப் நின்றுபோனால் போனிலிருந்து பாட்டு போடுகிறேன். ஆனால் பாடகர் குரல் மட்டும் காணாமல் போகிறது. போன் கோளாறா?

வயர் கோளாறு. போனின் ஸ்டீரியோ முனையை நேராகப் பாக்ஸின் பேலன்ஸ்டு சாக்கெட்டில் சொருகியிருக்கிறீர்கள். அந்தச் சாக்கெட் இடது, வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே எடுக்கும். குரல் இரண்டிலும் ஒரே அளவில் பதிவாகியிருப்பதால் கழிந்து போகிறது. 3.5 மில்லிமீட்டர் முனையிலிருந்து இடது, வலது என இரண்டு ஆர்.சி.ஏ. முனைகளாகப் பிரியும் வயரை மிக்ஸரின் தனி சேனலில் எப்போதும் சொருகியே வைத்திருங்கள். போனை ஃபிளைட் மோடில் போட மறக்க வேண்டாம். தாலி கட்டும் நேரத்தில் உங்களுக்கு வரும் அழைப்பை முந்நூறு பேர் கேட்க வேண்டியதில்லை.

கேள்வி: மகன் தவணையில் 9,000 வெள்ளிக்கு சவுண்டு சாமான் வாங்கப் போகிறான். இன்னும் ஆறு நிகழ்ச்சிகூடச் செய்யவில்லை. வாங்கவிடலாமா?

அம்மா, முழுவதும் இப்போது வேண்டாம். லேப்டாப், கண்ட்ரோலர், ஹெட்ஃபோன் மூன்றும் சொந்தமாக இருக்கட்டும், கை பழக வேண்டியது அதில்தான். பாக்ஸும் சப்பும் வாடகைக்கு எடுக்கட்டும். ஒரு இரவு வாடகை 150, சொந்தமாக வாங்க 6,000 என்றால் நாற்பது நிகழ்ச்சிக்குப் பிறகுதான் வாங்கியவர் முந்துவார். அதுவரை வைக்க இடம், தூக்க ஆள், ரிப்பேர் எல்லாம் கடைக்காரர் தலைவலி.

தவணையில் இன்னொரு சிக்கல். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றிலும் நம்மவர் கல்யாணம் அநேகமாக இராது. வருடத்தில் கால்வாசி. அந்த மாதங்களிலும் தவணை வரும். அந்த நேரத்தில் பிறந்தநாள், பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு மைக் செட், சங்கங்களின் நன்கொடை விருந்து, வருடக் கடைசியில் கம்பெனி விருந்து என்று வேறு வழி பிடித்துவிட்டானா என்று கேளுங்கள். பிடித்திருந்தால் தவணையைப் பற்றிப் பேசலாம்.

பழையதாக வாங்கினால் சப்பின் கூம்பை இரண்டு கைவிரல்களாலும் மெதுவாக, சமமாக உள்ளே அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். உரசும் சத்தம் கேட்டால் உள்ளே கம்பிச் சுருள் கருகியிருக்கிறது, வேண்டாம். ஒரு மணி நேரம் நல்ல சத்தத்தில் ஓடவிட்ட பிறகே காசு கொடுக்கட்டும். சூடேறிய பிறகு வெளிப்படும் கோளாறு பத்து நிமிடச் சோதனையில் தெரியாது.

கேள்வி: தொழிலை எஸ்.எஸ்.எம்.மில் (மலேசிய நிறுவன ஆணையத்தில்) பதிய வேண்டுமா? வேலைக்குப் போகிறவன், வருமான வரி எப்படி?

பதிய வேண்டும், தொழில் தொடங்கிய 30 நாளுக்குள். அடையாள அட்டையில் உள்ள பெயரிலேயே என்றால் வருடம் 30 வெள்ளி, "டி.ஜே. இன்னார்" என்று தொழில் பெயர் வைத்தால் 60. இணையத்தில் எஸ்பிஸ் தளத்திலேயே முடியும். கம்பெனி விருந்துகளுக்கு அந்த எண் இல்லாமல் பில் போட முடியாது.

சம்பளம் மட்டும் வாங்கும்வரை பி.இ. பாரம், தொழில் வருமானம் சேர்ந்தால் பி பாரம். கெடு ஜூன் 30. ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருங்கள். 2,000 வெள்ளிக்கு மேற்படாத சாமானை வாங்கிய வருடமே முழுக்கக் கழிக்கலாம். அதற்கு மேல் போனால் பொதுவாக முதல் வருடம் 20-உம் 14-உம் சேர்த்து 34 விழுக்காடு, பிறகு வருடம் 14. 5,000 வெள்ளிக் கண்ட்ரோலருக்கு முதல் வருடம் 1,700. சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) திட்டத்திலும் சேர்ந்துவிடுங்கள். 18 அங்குல சப்பை மாடிப்படியில் தூக்கும் தொழில் இது, முதுகு போனால் தொழிற்சாலை வேலையும் சேர்ந்தே போகும்.

கேள்வி: பாட்டுக்கு உரிமம் வேண்டும் என்கிறார்கள். ஸ்பாட்டிஃபையில் காசு கட்டித்தானே கேட்கிறேன்?

அந்தக் காசு உங்கள் காதுக்கு மட்டும். அதன் விதியே சொந்த உபயோகத்துக்கு என்றுதான் சொல்கிறது. 1987 பதிப்புரிமைச் சட்டத்தில் பொது இடத்தில் ஒலிபரப்புவது தனி உரிமை. இசையமைத்தவர், எழுதியவர் பக்கம் எம்.ஏ.சி.பி., ஒலிப்பதிவு பக்கம் பி.பி.எம். என்று உரிமக் கழகங்கள் இருக்கின்றன. டிக்கெட் விற்கும் நிகழ்ச்சி என்றால் ஏற்பாட்டாளர் பெயரில் உரிமம் எடுக்கச் சொல்லி, அதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மண்டபத்துக்கு உரிமம் இருக்கிறதா என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

யூடியூப்பிலிருந்து இறக்கிய பாட்டு வேண்டாம். உரிமை ஒரு பக்கம் இருக்கட்டும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்த அளவில் இருக்கும், உச்ச ஸ்தாயி அரிந்திருக்கும். லேப்டாப்பில் தெரியாது, பெரிய பாக்ஸில் தகரத்தைத் தட்டியதுபோல் கேட்கும். வீட்டார் ஃபேஸ்புக்கில் நேரலை போடுகிறார்கள் என்றால் சினிமாப் பாட்டு வந்ததும் சத்தம் நிறுத்தப்படலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அந்தப் பழியும் டி.ஜே.க்குத்தான்.

கேள்வி: தோட்ட மண்டபத்தில் எத்தனை மணி வரை போடலாம்?

மண்டபம் தோட்ட நிர்வாகத்துடையது என்றால் ஆபீசில் எழுத்து அனுமதியும் அதில் முடிவு நேரமும் வாங்குங்கள், கிராணி (தோட்ட எழுத்தர்) வாயால் சொன்னது போதாது. பொதுமக்கள் வரும் நிகழ்ச்சி என்றால் கோலகங்சார் நகராண்மைக் கழகத்திடம் கேளிக்கை அனுமதி பற்றியும் கேட்க வேண்டும், போலீஸ் நிலையத்திலும் தெரிவித்துவிடுங்கள். செம்பனைக் குலை வெட்டப் போகிறவர்கள் விடியுமுன் எழுகிறவர்கள். லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) சுவரைத் தாண்டிப் போவது பாட்டு அல்ல, சப்பின் அடி ஒலி. பத்து மணிக்கு மேல் சப்பை மட்டும் பாதியாக இறக்கினாலே புகார் பெரும்பாலும் வராது, ஆடுகிறவர்களுக்கும் குறை தெரியாது. பக்கத்தில் பள்ளிவாசல் இருந்தால் பாங்கு நேரங்களை நிரலிலேயே குறித்து, எம்சியைப் பேசவிடாமல் சத்தத்தை முழுதாக நிறுத்துங்கள்.

கேள்வி: நண்பனும் நானும் பாதிப் பாதி காசு போட்டு சாமான் வாங்கினோம். இப்போது அவன் வருவதே இல்லை, பாதிப் பங்கு மட்டும் கேட்கிறான்.

சாமானுக்கு ஒரு பங்கு, உழைப்புக்கு ஒரு பங்கு என்று பிரியுங்கள். முதல் பதிலில் உள்ள கணக்குப்படி ஒரு நிகழ்ச்சியில் சாமான் தேய்மானம் 100 வெள்ளி. அதில் பாதி, 50, அவருடையது. வந்தாலும் வராவிட்டாலும் கொடுத்துவிடுங்கள். மற்றது அன்று வேலை செய்தவருக்கு. அவர் பிரிய விரும்பினால், வாங்கிய விலையிலிருந்து ஓடிய நிகழ்ச்சிகளின் தேய்மானத்தைக் கழித்து மிச்சத்தில் பாதியைத் தவணையாகக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். 14,400-க்கு வாங்கி 60 நிகழ்ச்சி ஓடியிருந்தால் மிச்சம் 8,400, அவர் பங்கு 4,200. எந்த பாக்ஸ், என்ன சீரியல் எண் என்று பட்டியல் போட்டு இருவரும் கையெழுத்திட்ட பிறகே முதல் தவணையைக் கொடுங்கள்.